நாற்பத்தேழாம் எண் சீட்டு

மார்ச் 4

ஸ்கேலுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். மேலே திட்டாகத் தெரியும் மை அதுதான்.

உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் என் கோபம் போய்விடும். இந்தக் கோபம் எனக்கு வேண்டும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் டெப்போவில் பழைய அலுவலக அறையைக் காலி செய்தார்கள். டியூட்டிப் பட்டியல் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே வந்துவிடுகிறது. உன் மேசை, உன் பீரோ, எல்லாவற்றுக்கும் கோடு போட்டுத் தேய்ந்துபோன உன் இரும்பு ஸ்கேல், எல்லாம் பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டன. கூட்டுகிற அக்கா மட்டும் பீரோவின் மேல்தட்டில் இருந்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்துக்கொண்டு, நான் வண்டியை விட்டு இறங்கும்வரை வாசலில் காத்திருந்தார். “உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச டின்னு. குப்பையில போட மனசு வரல”ன்னு கையில் கொடுத்தார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன். அந்தக் கதை டெப்போவில் யாருக்குத்தான் தெரியாது? மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிரைவர், கண்டக்டர் ஜோடி மாறும். இன்னாரோடுதான் போவேன் என்று யாரும் கேட்டு வாங்கக் கூடாது என்பதற்காகக் குலுக்கல். முப்பத்தொன்பது டிரைவர்களின் எண்களைச் சீட்டில் எழுதி டின்னில் போடுவாய். முப்பத்தொன்பது கண்டக்டர்களும் பணிமூப்பு வரிசையில் வந்து ஆளுக்கொரு சீட்டை எடுத்து, எண்ணை உரக்கப் படிப்போம். நீ பதிவேட்டில் எழுதுவாய். டிரைவர்கள் வெளியே பெஞ்சில் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பதினேழாவது ஆளான எனக்கு நான்கு முறை தொடர்ந்து நாற்பத்தேழு வந்தது. நாற்பத்தேழைக் கல்யாணம் செய்துகொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. ஆறு வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. நான் ஆரம்பித்தாலே அவர் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார்.

ஆனால் இந்த டின்னில் ஒன்று குறைந்தது. குலுக்கல் டின்னின் மூடியில் ஒரு பள்ளம் உண்டு. ஹாரன் ஒரு நாள் கோபத்தில் குத்தியது. நினைவிருக்கிறதா, நூற்றுப் பன்னிரண்டாம் எண் டிரைவர், வீட்டுக்குள் நடக்கும்போதுகூட ஹாரன் அடிப்பார் என்று நாம் கேலி செய்வோமே, அவர்தான். அதே நீலம், அதே பூப்படம், ஆனால் இந்த மூடியில் பள்ளம் இல்லை.

திறந்தேன். உள்ளே சீட்டுகள். ஒன்றைப் பிரித்தேன், நாற்பத்தேழு. சிரித்தேன். இன்னொன்றைப் பிரித்தேன், நாற்பத்தேழு. ஓய்வறையில் சாப்பாட்டு மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எண்ணினேன். முப்பத்தாறு சீட்டு. முப்பத்தாறும் நாற்பத்தேழு. எல்லாம் உன் கையெழுத்து. ஏழின் நடுவில் நீ போடும் அந்தச் சின்னக் கோடு உள்பட.

எனக்கு வந்தது விதி இல்லை, நீதான்.

அன்று சாயங்காலமே டின்னை அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவ்வளவுதான். அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார் என்பது உனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அது போதவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் இது என்றேன்.  குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது அவள் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் துணி காயப்போடும் ஸ்டாண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மற்றதை எல்லாம் விடு. நாலாவது குலுக்கலை மட்டும் சொல். அன்றைக்குக் கடைசி ஆள் உள்ளே கையை விட்டபோது டின் காலி. ஒரு சீட்டைக் காணோம். நீ மேசைக்கு அடியில் குனிந்து தேடினாய், எல்லாரும் சிரித்தோம். மிச்சமிருந்த ஹாரனை அந்தப் பாவப்பட்ட மனிதர் தலையில் கட்டினாய். அன்றைக்கு என்ன செய்தாய்? எப்படிச் செய்தாய்? எனக்கு அது தெரிய வேண்டும்.

விசில்

*

மார்ச் 11

விசிலுக்கு,

நீ அடித்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘அன்புள்ள’ தெரிகிறது. அந்தத் தைரியத்தில்தான் பதில் எழுதுகிறேன்.

செய்தேன். மறுக்கவில்லை. அந்த டின்னை எடுத்துப்போகாமல் விட்டது என் முட்டாள்தனம். எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் செய்கிற நான், மாற்றலாகி வந்த அன்று பீரோவின் மேல்தட்டைப் பார்க்காமலே விட்டேன். ஸ்டூலைத் தேடினேன், கிடைக்கவில்லை. இதுதான் என் லட்சணம்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்வேன். அந்த வருடம் உன் மணிக்கட்டு உடைந்தது. திடீர் பிரேக்கில் நீ முன்வாசல் கம்பிவரை உருண்டாய். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டபோது உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள் வண்டி கிளம்பும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். புகார் ஃபைல் என் மேசையில்தான் இருந்தது. ஒன்பது வருடத்துப் புகார்களைப் புரட்டினேன். நின்றுகொண்டு வரும் பயணி ஒருவர்கூடக் குறை சொல்லாத டிரைவர் மொத்த டெப்போவிலும் ஒரே ஒருவர். நான் உனக்கு மாப்பிள்ளை பார்க்கவில்லை. பிரேக் பார்த்தேன்.

வழி சுலபம். ஒரே மாதிரி இரண்டு டின். நல்ல டின்னிலிருந்து நாற்பத்தேழை முன்கூட்டியே எடுத்துவிடுவேன். பதினாறு பேர் முடிந்ததும் டீ. எல்லாரும் டம்ளரைத் தேடும்போது மேசைக்கு அடியில் டின்னை மாற்றுவேன். நீ எடுத்து முடித்ததும் குலுக்குகிற சாக்கில் திரும்பவும் மாற்றுவேன். பதினேழாவது ஆளுக்குச் சரியாக முன்னால் ஏன் டீ வருகிறது என்று ஒன்பது மாதத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டீ வந்தால் நம் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது.

ஒரு தடவையோடு நிறுத்தத்தான் நினைத்தேன். மூன்று மாதத்தில் நீ பழையபடி ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நடந்தாய். இறங்கிய பிறகும் வாயிலேயே விசில் அடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாய். சரி, இன்னொரு முறை என்று நினைத்தேன். மூன்றாவது முறைக்கு முன்னால் நீயே என் மேசையில் சாய்ந்துகொண்டு, “மறுபடியும் அவரே வருவாரா?”ன்னு கேட்டாய். குலுக்கலில் வருவது யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, டின்னைத் துடைத்து வைத்தேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் நான் ‘வண்டி எண் என்ன’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் செய்ததற்கு என்னைத் திட்டு. அவரை விட்டுவிடு.

நாலாவதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதை விட்டுவிடு.

ஸ்கேல்

*

மார்ச் 17

ஸ்கேலுக்கு,

அதை விட்டுவிடு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

பிரேக் பார்த்தாயாம். நல்லவேளை, டயரும் பார்த்தேன் என்று எழுதவில்லை. உன் கடிதம் முழுக்க என் மணிக்கட்டு, என் முகம், என் விசில். என்னைக் காப்பாற்றியதாகவே எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியும், எனக்கு எதையும் முடிவு செய்ய வராது. டிக்கெட் எண்ணைக் கூட்டிப் பார்த்து, ஒற்றைப்படை வந்தால் இந்தப் பக்கம், இரட்டைப்படை வந்தால் அந்தப் பக்கம் என்று நடக்கிறவள் நான். அது உனக்குத் தெரிந்ததால்தான் உனக்கு வேலை சுலபமாகப் போயிற்று. மற்றவர்களை ஏமாற்ற வாதாட வேண்டும், எனக்கு ஒரு பிஸ்கட் டின் போதும்.

நாலாவது குலுக்கலுக்கு முந்தின நாளை நான் மறக்கவில்லை. வண்டி கழுவுகிற இடத்தில், ஓடாத வண்டியின் பின்படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். புது நகரத்து டெப்போவுக்கு நம் இரண்டு பேருக்கும் மாற்றல் மனுவை நீயே எழுதி வைத்திருந்தாய். அங்கே வீடுகூடப் பார்த்துவிட்டாய். ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று காகிதத்தில் வரைந்து காட்டினாய். அவர் அதற்கு முந்தின வாரம்தான் என்னைக் கேட்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவர். அப்போது சொன்னேன், “நாளைக்கு நாலாவது தடவையும் அவர் நம்பரே வந்துச்சுன்னா அவரைக் கட்டிக்கறேன். வரலைன்னா உன்னோட வந்துடறேன்.” நீ ‘சரி’ என்றாய். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாய். கை கழுவி வருகிறேன் என்று எழுந்துபோய் வெகுநேரம் கழித்து வந்தாய்.

அதாவது என் வாழ்க்கை அந்தச் சீட்டில்தான் இருக்கிறது என்று தெரிந்தே மறுநாள் டின்னை எடுத்தாய். முதல் மூன்று முறை விளையாட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். நாலாவதில் விளையாட யார் உனக்கு உரிமை கொடுத்தார்கள்? நான் இருந்தால் அந்த நகரத்தில் உனக்குத் தொந்தரவு என்று தோன்றியதா? ஒரு நல்ல பிரேக்கைப் பார்த்துத் தள்ளிவிட்டாயா?

இங்கே நிலவரம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வருகிறார். வீட்டுக்குள் வருவதில்லை. வாசலில் செருப்பு வைக்கிற பலகையில் உட்கார்ந்து, குழந்தைக்கு நகம் வெட்டிவிட்டுப் போகிறார். போன வாரம் வெட்ட நகமே இல்லை, ஆனாலும் பத்து விரலையும் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நீ சொன்னபடி அவருக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள். அதனால் என்ன? நாளைக்கு வேறு ஒரு பிரேக் உனக்குப் பிடித்திருந்தால் நான் வேறு ஒருவருக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன். இந்தக் கல்யாணத்தில் என் பங்கு என்ன? எழுதியது நீ. நான் வெறும் வாயைத் திறந்து படித்தவள்.

தங்கை கணவர் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் சொல்லிப் பிரிவதற்கான காகிதத்தைத் தயார் செய்துவிட்டார். எனக்கு உதவி செய்கிறாரா, ஹாலைத் திரும்பப் பெறப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. ஏப்ரல் ஐந்தாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன். அதற்குள் நாலாவது குலுக்கலில் என்ன நடந்தது என்று நீ எழுத வேண்டும்.

விசில்

*

மார்ச் 22

விசிலுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன். இது நாலாவது.

நான் உன்னைத் தள்ளிவிடவில்லை. அதை மட்டும் நம்பு.

மற்றபடி எல்லாம் என் தப்பு என்றே வைத்துக்கொள். நான்கு முறையும் நான்தான் என்று எழுதி வேண்டுமானால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். உன் தங்கை கணவரின் வக்கீலிடம் காட்டு. ஆனால் அந்த மனிதரை விடாதே. வெட்ட நகம் இல்லாதபோதும் பத்து விரலைப் பிடித்துப் பார்க்கிறவரை எந்தக் குலுக்கலிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தயவுசெய்து இதற்குமேல் கேட்காதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

ஸ்கேல்

*

மார்ச் 26

எனக்காக, எனக்காக. இன்னும் எத்தனை நாள் எனக்காகச் செய்வாய்?

குழந்தை நேற்று என் பையிலிருந்து அந்த டின்னை எடுத்துச் சீட்டுகளை வீடு முழுக்க இறைத்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, இது என்ன எண் என்று கேட்கிறாள். நாற்பத்தேழு. இது? நாற்பத்தேழு. பத்தாவது சீட்டில் அவளுக்கே பாடமாகிவிட்டது. இனி யார் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் நாற்பத்தேழு என்கிறாள்.

ஐந்தாம் தேதி கையெழுத்து. இதுதான் என் கடைசிக் கடிதம்.

விசில்

*

மார்ச் 30

விசிலுக்கு,

இந்தக் கடிதத்தை நான் எழுதக் கூடாது என்று ஆறு வருடமாக இருந்தேன். நீ எழுத வைத்துவிட்டாய்.

டின்னில் எத்தனை சீட்டு இருந்தது என்று உன் முதல் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். முப்பத்தாறு. நான் செய்தது முப்பத்தொன்பது. கைக்கு ஒரே மாதிரி தட்டுப்பட வேண்டும் என்று எண்ணிச் செய்தேன். படித்த சீட்டை நீங்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவீர்கள், திரும்ப டின்னுக்கு வராது. அப்படியானால் அந்த டின்னில் உன் கை எத்தனை முறை போயிருக்கிறது? கழித்துப் பார். மூன்று முறைதான்.

நாலாவது முறை நான் டின்னை மாற்றவில்லை. நீ எடுத்தது நல்ல டின்னிலிருந்து.

இன்னும் சொல்கிறேன். அந்தப் பின்படிக்கட்டில் நீ சொன்னதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் இல்லை. நானே முளைக்க வைத்தது என்னை விழுங்கப்போகிறது என்று தெரிந்தது. நீ என்னோடு வர வேண்டும் என்று நினைத்தேன். அடுப்பு எந்தப் பக்கம் என்று வரைந்து காட்டினேனே, அந்த அறைக்குக் கட்டில்கூட வாங்கிவிட்டேன். இரண்டு கட்டில். குலுக்கலுக்கு முன்னாலேயே வாங்கினேன், பார். விதியை நம்பாதவள் செய்கிற வேலை அதுதான். முப்பத்தொன்பதில் ஒரு பங்கு வாய்ப்புக்குக்கூட இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நல்ல டின்னிலிருந்து நாற்பத்தேழை எடுத்து இடது கைக்குள் மூடிக்கொண்டேன். உன் முறை முடிந்ததும் டின்னில் திரும்பப் போட்டுவிடலாம், வேறு யாராவது அவரோடு போகட்டும், நீ என்னோடு வருவாய் என்பது திட்டம். உன்னை ஏமாற்ற நினைத்தது அந்த ஒரு முறைதான். மற்ற மூன்றுக்கு நான் வெட்கப்படவில்லை. இதற்கு வெட்கப்படுகிறேன்.

நீ டீ டம்ளரோடு வந்தாய். டின்னுக்குள் கையை விட்டாய். எடுத்தாய். பிரித்தாய். என் முகத்தைப் பார்த்து, “நாற்பத்தேழு”ன்னு படித்தாய்.

அந்தச் சீட்டு என் கைக்குள் இருந்தது, விசில். வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சீட்டைக் காட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என் கையையும் திறக்க வேண்டும். வெளியே பெஞ்சில் அவரைத் தோளில் தட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. குனிந்து பதிவேட்டில் நாற்பத்தேழு என்று எழுதினேன். என் கையெழுத்தில் கோடு தாண்டிப்போன ஒரே வரி அதுதான். அதனால்தான் கடைசியில் ஒரு சீட்டு குறைந்தது. மேசைக்கு அடியில் நான் சீட்டைத் தேடவில்லை. அங்கே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு எழுந்தேன்.

அப்புறம் ஆறு வருடம் நீ ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாய். உன் கல்யாணத்திலேயே, என்னை மேடைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, என் டின்தான் முடித்துவைத்தது என்று சொன்னாய். நானும் சிரித்தேன். அடுத்த மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் சொல்லாமல் போனாய் என்று அப்போது கோபப்பட்டாயே, காரணம் இதுதான்.

உன் கல்யாணத்தை நான் எழுதினேன் என்கிறாய். நான் அதை நிறுத்தப் பார்த்தவள். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு உன் சீட்டில் இருந்த எண் எது என்பதும் உனக்குத் தெரியும். எனக்கு நீ சொல்ல வேண்டாம், ஹாரன்தான் மிச்சமிருந்தார்.

அந்த நாற்பத்தேழை இத்தோடு வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை. இனி அது என்னிடம் இருக்க வேண்டாம்.

ஸ்கேல்

*

ஏப்ரல் 7

அன்புள்ள ஸ்கேலுக்கு,

அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவது போல நடிப்பாய். மறக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு. உன் கையெழுத்தில், நடுவில் இருக்கும் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. படித்ததும் ஜன்னல் வழியாக எறியக்கூடப் பயம், யாராவது எடுத்துப் பார்த்துவிட்டால்? வாயில் போட்டுக்கொண்டேன். டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். சூடு நெஞ்சைச் சுட்டது.

உன்னிடம் நாலாவதைப் பற்றி ஏன் துருவித் துருவிக் கேட்டேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ டின்னை மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும், மாற்றியிருந்தால் என் கைக்கு எப்படி நூற்றுப் பன்னிரண்டு வரும்? எனக்குத் தெரியாதது வேறு. எனக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். யாராவது ஒருவர் உண்மையான நாற்பத்தேழை எடுப்பார், படிப்பார், நான் அகப்பட்டுக்கொள்வேன் என்று சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கை உள்ளே போகும்போதும் ஆள் எண்ணினேன். இருபத்திரண்டு பேரும் முடிந்தார்கள். வரவில்லை. டின்னே காலியாகிவிட்டது. நான் விதியை நம்பியது அதனால்தான். முதல் மூன்று முறைக்காக இல்லை. ஒரு பொய் சொன்னேன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு சீட்டு தானாகவே மறைந்துபோயிற்று. இதைவிடப் பெரிய சம்மதம் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். என் கதையை அத்தனை பேருக்கும் அத்தனை நிச்சயமாகச் சொன்னது அந்தத் தைரியத்தில்தான்.

அந்தச் சீட்டு உன் கைக்குள் இருந்திருக்கிறது. என்னைத் தடுக்க மூடிய கை. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது சிரிப்பு வந்தது, தங்கை பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

நேற்று முன்தினம், ஐந்தாம் தேதி, ஞாயிறு. வக்கீலின் காகிதம் மேசைமேல் இருந்தது. அவர் வந்து பலகையில் உட்கார்ந்தார். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, நானும் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்து, உன் சீட்டை அவர் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டை விழுங்கியதுவரை. சீட்டை முழங்காலில் வைத்து நீவினார். பிறகு சொன்னார், “ஆறு வருஷமா உனக்குச் சீட்டுல விழுந்தவன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நீயா எடுத்ததுன்னு ஒரு தடவகூடச் சொல்லலியே.”

ஒவ்வொரு முறையும் அவர் ஏன் தண்ணீர் எடுக்கப் போனார் என்று எனக்கு நேற்று முன்தினம்தான் தெரிந்தது. வந்தவர்கள் முன்னால் எல்லாம் நான் அவரை ஒரு டின்னிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. தங்கை கணவர் சோபாவைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது நீயும் நானும். நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. மூன்று முறை என்னைக் கேட்காமல் எனக்கு நல்லது செய்தாய், நாலாவது முறை என்னைக் கேட்காமல் என்னைக் கைக்குள் மூடி வைத்தாய். இரண்டும் எனக்கு ஒன்றுதான். கொஞ்ச நாள் போகட்டும்.

ஆனால் நான் செய்தது அதைவிட மோசம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு முடிவு செய்ய வராது என்று நீயும் நினைத்தாய், நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். அந்தப் பின்படிக்கட்டில் உட்காரும் முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். நீ அடுப்பை வரைந்துகொண்டிருந்தாய், அதைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் குலுக்கல்மேல் பழியைப் போட்டேன். குலுக்கலும் கைவிட்டபோது உன் முகத்தைப் பார்த்துப் பொய்யாக ஓர் எண்ணைப் படித்தேன். நீ குனிந்து எழுதினாய். நிமிரவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வாயால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நான் உன்னோடு வரவில்லை. எனக்கு அவர்தான் வேண்டும்.

அந்த இரண்டாவது கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு.

விசில்